வெயில் தேடி ஸ்பெயின் தீவுக்கு: எந்த மாதம், எந்தத் தீவு, என்னென்ன காகிதம்

பிரிட்டனில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் நவம்பர் வந்தாலே பேச்சு வெயிலைப் பற்றித்தான். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள், ஒரு வாரமாவது எங்காவது கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று தோன்றும். தேட ஆரம்பித்தால் ஸ்பெயினின் தீவுகள்தான் முதலில் வந்து நிற்கும். படங்களில் எல்லாத் தீவும் ஒரே மாதிரி நீலமாக, ஒரே மாதிரி வெயிலாக இருக்கும். உண்மையில் அப்படி இல்லை. தீவைத் தேர்ந்தெடுப்பதில் பாதி அலைச்சல், விசாவில் மீதி அலைச்சல் என்று எங்களுக்குப் போனது. அடுத்துப் போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் வேலை விசாவோடு இங்கே இருப்பவர்களையும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கும் தீவு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தீவின் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். எந்த விடுமுறையில் போக முடியும் என்பதில் ஆரம்பியுங்கள். மாதம் உறுதியானால் தீவுகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

ஸ்பெயினுக்கு இரண்டு தீவுக் கூட்டங்கள் உண்டு. ஒன்று பலேரிக் தீவுகள்: மயோர்க்கா, மெனோர்க்கா, இபீசா, ஃபொர்மெந்தேரா. இவை மத்தியதரைக் கடலில், பார்சிலோனாவுக்கு எதிரே இருக்கின்றன. இன்னொன்று கனாரி தீவுகள்: டெனரீஃப், கிரான் கனாரியா, லான்சரோட்டே, ஃபுவெர்ட்டவெஞ்சுரா, கூடவே லா பால்மா, லா கொமேரா போன்ற சின்னத் தீவுகள். இவை ஸ்பெயினின் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, அட்லாண்டிக்கில், மொராக்கோவுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. லண்டனிலிருந்து மயோர்க்காவுக்கு இரண்டரை மணி நேரம் போதும். டெனரீஃபுக்கு நாலேகால், நாலரை மணி நேரம் ஆகும்.

பள்ளி விடுமுறைப்படி என் கணக்கு இது:

கிறிஸ்துமஸ், பிப்ரவரி அரைப்பருவ (ஹாஃப் டெர்ம்) விடுமுறை: கனாரி மட்டும்தான். பகலில் 20, 21 டிகிரி இருக்கும். அந்தச் சமயத்தில் மயோர்க்காவின் கடல் 14 டிகிரிக்கு இறங்கிவிடும், கடற்கரை ஹோட்டல்களில் பல நவம்பர் முதல் ஏப்ரல் வரை பூட்டியே கிடக்கும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜனவரியில் அங்கே போனால் பாதாம் பூ பார்க்கலாம், கடலில் இறங்க முடியாது.

ஈஸ்டர்: இப்போதும் கனாரிதான்.

மே கடைசி வார விடுமுறை: இரண்டுமே சரிதான். பலேரிக்கில் வெயில் இதமாக இருக்கும், கடல் மட்டும் இன்னும் சில்லென்று இருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட்: கடலில் நீந்துவதுதான் நோக்கம் என்றால் பலேரிக். தண்ணீர் 26 டிகிரி வரை போகும். ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். கனாரியில் அப்போது வடகிழக்குக் காற்று ஆண்டிலேயே பலமாக வீசும் காலம்.

அக்டோபர் அரைப்பருவ விடுமுறை: என்னைக் கேட்டால் கனாரிக்குச் சிறந்த நேரம் இதுதான். கோடை முழுக்கச் சூடேறிய கடல் 22, 23 டிகிரியில் இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். மயோர்க்காவில் இலையுதிர்கால மழை ஆரம்பித்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் வெயில், இல்லையென்றால் குடை.

ஒன்றை மறக்காதீர்கள். கனாரியின் குளிர்காலம் சென்னை வெயில் அல்ல. பிப்ரவரியில் கடல் 18, 19 டிகிரிதான். பெரியவர்கள் காலை நனைப்பார்கள், பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். சூடுபடுத்திய நீச்சல் குளம் உள்ள ஹோட்டலாகப் பாருங்கள். எல்லா ஹோட்டல் குளமும் குளிர்காலத்தில் சூடுபடுத்தப்படுவதில்லை, எனவே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பிள்ளையை ஒரு வாரம் முன்னாலேயே பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனால் டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று யோசிப்பவர்களுக்கு: இங்கிலாந்தில் அனுமதியில்லாத விடுப்புக்கான அபராதம் 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. தீவின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கனாரிக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணி இதுதான். டெனரீஃபின் நடுவில் தெய்தே மலை 3,715 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிரான் கனாரியாவின் நடு மலைகளும் இரண்டாயிரம் மீட்டரை நெருங்குகின்றன. வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையில் மோதி வடபக்கத்தில் மேகமாகக் கட்டிக்கொள்ளும். தென்பக்கம் காய்ந்து, வெயிலாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் வறண்டு கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் ஹோட்டல் பதிவு செய்யும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

டெனரீஃபின் வடக்கே புவெர்ட்டோ டெ லா குரூஸ் என்ற ஊர் இருக்கிறது. அழகான பழைய ஊர், பச்சைப் பசேல் என்ற சரிவுகள், கறுப்பு மணல் கடற்கரை. தெற்கைவிட அறை வாடகையும் குறைவு. நடக்கவும் ஊர் பார்க்கவும் நான் அதையே சொல்வேன். ஆனால் வெயில் காய ஒரு வாரம் போகிறவர் அங்கே தங்கினால் காலையில் எழுந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதே நேரத்தில் தெற்கே லாஸ் கிறிஸ்தியானோஸில் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பார்கள். கிரான் கனாரியாவிலும் அப்படித்தான். தலைநகர் லாஸ் பால்மாஸ் வடக்கே இருக்கிறது. அங்கே கோடையில் வாரக்கணக்கில் சாம்பல் மேகம் மூடி நிற்கும். அதைக் கழுதை வயிறு என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். லாஸ் கன்தேராஸ் என்ற அருமையான நகரக் கடற்கரை இருக்கிறது, ஒரு நாள் போய் வாருங்கள். தங்குவதற்குத் தெற்கே மஸ்பலோமாஸ், புவெர்ட்டோ ரிக்கோ, மொகான் பக்கம் பாருங்கள்.

லான்சரோட்டேயும் ஃபுவெர்ட்டவெஞ்சுராவும் உயரம் குறைந்த தீவுகள். மேகம் தங்க மலை இல்லாததால் மழை மிகக் குறைவு, காற்றுதான் அதிகம்.

டெனரீஃபுக்கு இரண்டு விமான நிலையங்கள். பிரிட்டனிலிருந்து போகும் விமானங்கள் பெரும்பாலும் தெற்கு நிலையத்தில் இறங்கும். மாட்ரிட் வழியாகப் போனால் வடக்கு நிலையத்தில் இறக்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று படித்துவிட்டு ஹோட்டல் பதியுங்கள்.

3. உங்கள் கூட்டத்துக்கு ஏற்ற தீவு எது

வயதான அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? டெனரீஃபின் லாஸ் கிறிஸ்தியானோஸ். மேடு பள்ளம் இல்லாத நீளமான நடைபாதை, சக்கர நாற்காலி தண்ணீர் வரை போக மரப்பலகைப் பாதை, துறைமுகத்தின் அணைப்பில் அலை அடங்கிய கடல். நடைபாதையில் ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்ச் கிடைக்கும் இடம் அது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதற்கு நேர்மாறு கிரான் கனாரியாவின் புவெர்ட்டோ ரிக்கோ. பக்கத்தில் உள்ள அமதோரெஸ் கடற்கரை குழந்தைகளுக்கு அவ்வளவு பத்திரமானது, இரு பக்கமும் கல்சுவர் போட்டு அலையை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் தங்கும் விடுதிகளில் பல செங்குத்தான மலைச்சரிவில் படிப்படியாக ஏறி நிற்கின்றன. வரைபடத்தில் கடற்கரைக்கு 400 மீட்டர் என்று காட்டும், அது நூற்றுக்கணக்கான படிகளாக இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் பதிவுக்கு முன் தெருக்காட்சிப் படத்தில் அந்தச் சாலையை நீங்களே நடந்து பாருங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு, கோடையில் என்றால், மயோர்க்காவின் அல்கூதியா, பிளாயா டெ மூரோ. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அதே தீவில் மகலூஃப், பால்மாவுக்குப் பக்கத்து அரெனால் போன்ற இடங்கள் இளைஞர் கூட்டம் விடிய விடியக் குடித்துக் கொண்டாடும் இடங்கள். அங்கே அறை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். இபீசாவும் அப்படியே: சாந்த் அந்தோனி, பிளாயா தென் போசா பக்கம் இரவு வாழ்க்கை. குடும்பத்துக்கு என்றால் சாந்தா எவுலாரியா.

அமைதி வேண்டும் என்றால் மெனோர்க்கா. சன்னமான வெள்ளை மணல், பைன் மரம், சின்னச் சின்ன வளைகுடா. மகரேயா போன்ற பிரபலமான இடங்களுக்குக் கோடையில் சொந்தக் கார் விடமாட்டார்கள், சியூத்தாதேயாவிலிருந்து பஸ்தான். அந்த பஸ்ஸுக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபொர்மெந்தேராவுக்கு விமானம் கிடையாது. இபீசாவிலிருந்து படகில் அரை மணி நேரம், ஒரு நாள் போய்த் திரும்பலாம்.

மணலே மணலாக வேண்டும் என்றால் ஃபுவெர்ட்டவெஞ்சுராதான். வடக்கே கொர்ரலெஹோ மணல்மேடுகள், தெற்கே சொத்தவெந்தோ. இந்த சொத்தவெந்தோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல்மட்டம் ஏறும் ஓதத்தின்போது கடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு நீள மணல்திட்டு நிற்கும், அதற்குள் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் வந்து தேங்கும். கண்ணாடி போன்ற தண்ணீர், அடியில் மணல் வரிவரியாகத் தெரியும். பிள்ளைகள் மணிக்கணக்கில் அதில் ஓடுவார்கள். ஓதம் இறங்கினால் அந்தக் குளமே காணாமல் போய்விடும், அங்கே வெறும் ஈர மணல்தான் இருக்கும். ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, பாய்மரப் பலகை விளையாடுகிறவர்கள் உலகெங்கிலுமிருந்து இங்கே வருவது காற்றுக்காக. கோடையில் மணல் காலில் ஊசி மாதிரி குத்தும், குடை நிற்காது. டெனரீஃபின் எல் மெதானோவும் இதே வகை.

லான்சரோட்டே எரிமலைக் கற்களுக்கு நடுவே வெள்ளை வீடுகள் உள்ள தீவு. வயதுவந்த பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிளாயா பிளாங்காவில் தங்கினால் பாப்பகாயோ வளைகுடாக்கள் பக்கம், ஃபுவெர்ட்டவெஞ்சுராவுக்கும் படகில் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஸ்பெயின் கடற்கரைகளில் மேலாடை இல்லாமல் படுத்திருப்பது சாதாரணம். மஸ்பலோமாஸ் கடற்கரையின் ஒரு பகுதி முழு நிர்வாணப் பகுதி, பலகை வைத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் சங்கடம் இருக்காது.

4. பாஸ்போர்ட், விசா: இங்கேதான் நேரம் போகும்

அ. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்கள்

விசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் இரண்டு தேதியைப் பாருங்கள். நீங்கள் உள்ளே போகும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்குப் பழைய பாஸ்போர்ட்டின் மீதி மாதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் முடியும் தேதி இன்னும் வராமலேயே பத்து ஆண்டு தாண்டியிருக்கும். விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆ. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள்

பிரிட்டனில் வேலை விசாவோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ இருந்தாலும் ஷெங்கன் விசா (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டாயம். இரண்டு தீவுக் கூட்டமும் ஷெங்கனுக்குள்தான், தனி அனுமதி எதுவும் தேவையில்லை.

எப்போது: பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். உண்மையான சிக்கல் நேர்முகத் தேதி கிடைப்பதுதான். கோடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் தேதிகள் மறைந்துவிடும். நாங்கள் எந்த நேரம் பார்த்தாலும் காலியிடமே இல்லை என்று காட்டியது, திடீரென்று ஒரு காலையில் திறந்தது. மூன்று மாதம் முன்னாலேயே பார்க்க ஆரம்பியுங்கள். தேதி வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸாப்பில் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். பணத்தோடு உங்கள் பாஸ்போர்ட் விவரமும் போய்விடும்.

எவ்வளவு: 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குள் கட்டணம் இல்லை. இதற்குச் சமமான பவுண்டில் வாங்குவார்கள். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு விசாவுக்கு மட்டும் 225 யூரோ. மறுத்தால் திரும்பக் கிடைக்காது. மையத்தில் குறுஞ்செய்தி, புகைப்படம், விரைவுப் பிரிவு என்று கூடுதல் சேவைகளை நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை, வேண்டாம் என்று சொல்லலாம்.

என்னென்ன காகிதம்:

- பாஸ்போர்ட். பத்து ஆண்டுக்குள் வழங்கியது, திரும்பிய பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவது, இரண்டு பக்கம் காலியாக இருப்பது.
- பிரிட்டனில் இருக்கும் அனுமதிக்குச் சான்று. இப்போது எல்லாம் இ-விசா என்பதால் அதன் பக்கத்தையும் ஷேர் கோடு (உங்கள் அனுமதியைப் பிறர் இணையத்தில் சரிபார்க்கத் தரும் குறியீடு) என்பதையும் அச்செடுத்து வையுங்கள். அனுமதி பயணம் முடிந்து மூன்று மாதமாவது மீதமிருக்க வேண்டும். புதுப்பிக்கும் நேரம் நெருங்கியிருந்தால் அதை முதலில் முடியுங்கள்.
- பயணக் காப்பீடு. மருத்துவத்துக்குக் குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் முழுவதற்கும், பயண நாட்கள் அத்தனைக்கும். ஐரோப்பா என்று மட்டும் எழுதிய சான்று போதாது, தொகை எழுதியிருக்க வேண்டும்.
- மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, விடுமுறை நாட்களைக் குறிப்பிட்ட அலுவலகக் கடிதம்.
- போக வர விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம்.
- பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். அம்மா, அப்பாவில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய ஒப்புதல் கடிதம்.

வங்கியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்பெயின் இதை அதன் குறைந்தபட்ச மாத ஊதியத்தோடு கட்டி வைத்திருக்கிறது: ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு அந்த ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு. 2025 கணக்கில் அது 118.40 யூரோவாக இருந்தது. எத்தனை குறைந்த நாள் போனாலும் ஒரு ஆளுக்கு அந்த ஆண்டு 1,065.60 யூரோ காட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும் முந்தின நாள் நண்பரிடம் வாங்கிக் கணக்கில் போட்ட பணம் நல்ல பெயர் வாங்கித் தராது.

இன்னும் மூன்று கண்ணிகள்:

கணவனோ மனைவியோ ஐரோப்பிய ஒன்றிய நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் இங்கே குடிவந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஸ்பெயின் தவிர்த்த ஒன்றிய நாட்டுக் குடிமகனோடு சேர்ந்து பயணம் செய்யும் துணைக்கு விசா இலவசம், காகிதமும் குறைவு, திருமணச் சான்றிதழ்தான் முக்கியம். தெரியாமல் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இங்கேயிருந்து விண்ணப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக அவர்கள் வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் விசாவும் ஷெங்கன் விசாவும் இரண்டையும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு அவர்களைக் கிளப்புங்கள்.

முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு பல்நுழைவு விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்தது. பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

5. பணம் கட்டும் வரிசை

விசா தேவைப்படுகிறவர்களுக்கு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நேர்முகத் தேதி, அடுத்து ரத்துசெய்யக்கூடிய ஹோட்டல், அப்புறம் விண்ணப்பம், விசா கைக்கு வந்த பிறகு திரும்பப் பெற முடியாத எதுவும். விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜ் மலிவாக இருக்கும், முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும் என்பார்கள். ஆனால் மீதிப் பணம் கட்டும் நாள் விசா முடிவுக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். விசா மறுக்கப்பட்டது என்பதற்காகப் பேக்கேஜ் நிறுவனம் பணம் தராது, சாதாரணக் காப்பீடும் தராது.

விசா தேவைப்படாத குடும்பத்துக்கு நான் பேக்கேஜையே சொல்வேன். ஆட்டால் (ATOL) என்ற பிரிட்டனின் பயணப் பணப் பாதுகாப்புத் திட்டத்தில் அது உள்ளதா என்று பாருங்கள். நிறுவனம் மூழ்கினாலும் பணமும் திரும்பும் பயணமும் காப்பாற்றப்படும்.

தனி வீடு எடுத்தால் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தீவுக் கூட்டத்திலும் சுற்றுலா வாடகைக்கு உரிமம் வேண்டும்.

பலேரிக்கில் ஹோட்டல் வாடகைக்கு மேல் சுற்றுலா வரி உண்டு. கோடையில் ஆளுக்கு ஒரு இரவுக்கு ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து 1 முதல் 4 யூரோ, அதன்மேல் 10 சதவீதம். 16 வயதுக்குள் கிடையாது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை கால்பங்குதான். இதைப் பெரும்பாலும் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பு மேசையில் கேட்பார்கள். கனாரி முழுவதற்குமான இப்படியொரு வரி இல்லை. பொருள் வரியும் அங்கே 7 சதவீதம்தான் என்பதால் பெட்ரோல் முதல் பல சாமான்கள் குறைவு.

கார் எடுப்பவர்கள்: ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். முன்வைப்புத் தொகையாகப் பெரிய தொகையை அதில் பிடித்து வைப்பார்கள். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு இருக்கை கட்டாயம். இந்திய உரிமத்தோடு ஓட்டுவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். ஒரே இடத்தில் தங்கி வெயில் காய்வதுதான் திட்டம் என்றால் காரே வேண்டாம், டெனரீஃபிலும் கிரான் கனாரியாவிலும் பஸ் நன்றாக ஓடுகிறது. பலகையில் குவாகுவா என்று எழுதியிருந்தால் அது பஸ்தான்.

6. பையில் என்ன வைக்கலாம், என்ன கூடாது

குறைந்த கட்டண விமானங்களில் டிக்கெட்டோடு வருவது இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பைதான். ரையன்ஏரில் 40, 30, 20 சென்டிமீட்டர். ஈஸிஜெட்டில் 45, 36, 20. ஒரு விரல் மீறினாலும் வாயிலில் கட்டணம் வாங்குகிறார்கள்.

நம் ஆட்களுக்குத் தெரியாத விதி: பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்கள் எதையும் கொண்டுபோகக் கூடாது. கோழிக் குழம்பு மட்டுமல்ல, தயிர் சாதம், நெய், பனீரும் கூடாது. கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு விலக்கு உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, காய்கறிக்கும் சான்றிதழ் கேட்பார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அரிசி வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள விடுதி எடுத்தால் பாதிச் செலவு மிச்சம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் டூனா மீன் போட்ட சாலட் வரும். சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன் என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றும் வேண்டாம் என்று. கனாரியில் பாப்பாஸ் அர்ருகாதாஸ் எங்கும் கிடைக்கும். உப்புநீரில் தோலோடு வேகவைத்துச் சுருங்கிய சின்ன உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள மிளகாயில் அரைத்த சிவப்பு மோஹோ, கொத்தமல்லியில் அரைத்த பச்சை மோஹோ. நம் நாக்குக்கு அந்தத் தீவில் உடனே ஒத்துப்போவது இதுதான். ஞாயிறு பெரிய கடைகள் பல பூட்டியிருக்கும், சனிக்கிழமையே தண்ணீர், பால் வாங்கி வையுங்கள்.

தெய்தே போகிறவர்கள் குளிர்கோட்டையும் வையுங்கள். கேபிள் கார் 3,555 மீட்டர் வரை ஏற்றிவிடும், கீழே கடற்கரையில் வெயிலாக இருக்கும் நாளில் மேலே பனி கிடக்கலாம். அங்கிருந்து உச்சிக்கு நடக்கத் தனி அனுமதி வேண்டும், அதை இணையத்தில் பல வாரம் முன்னாலேயே எடுக்க வேண்டும்.

இதயநோய் உள்ளவர்களைக் கேபிள் காரில் ஏற்றாதீர்கள்.

பிரிட்டனின் ஜி.ஹெச்.ஐ.சி. சுகாதார அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் உதவும். என்.ஹெச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் போலி. அட்டை இருந்தாலும் காப்பீட்டை விடாதீர்கள், தனியார் ஆம்புலன்ஸுக்கும் ஊர் திரும்பும் மருத்துவ விமானத்துக்கும் அது பொறுப்பாகாது.

7. கடலில் இறங்கும் முன்

அட்லாண்டிக் கடலை மெரினாவில் அலையில் நின்றது போல் நினைக்க வேண்டாம். பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் காலைக்கூட நனைக்காதீர்கள். கனாரியில் பாறைகளுக்கு நடுவே இயற்கையான குளங்கள் இருக்கும், படம் எடுக்க அருமையான இடம். கடல் கொந்தளிக்கும் நாளில் பெரிய அலை ஒன்று பாறையைத் தாண்டி வந்து ஆளை இழுத்துப் போய்விடும். இப்படி உயிர்போன செய்திகள் அடிக்கடி வருகின்றன. வேலி கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

சஹாராவிலிருந்து தூசு வீசும் நாட்களும் உண்டு, கலீமா என்பார்கள். வானம் மஞ்சளாகி, வெப்பம் ஏறும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள்.

8. எல்லையில்

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு எல்லையில் முகப்படமும் கைரேகையும் எடுத்துப் பதியும் முறை வந்திருக்கிறது. 12 வயதுக்குள் கைரேகை கிடையாது. கட்டணம் இல்லை, ஆனால் வரிசை நீளும். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள், அதிகாரி கேட்கலாம். திரும்பும்போதும் பாஸ்போர்ட் வரிசை உண்டு. பாதுகாப்புச் சோதனையை முடித்துவிட்டுக் கடையில் நிற்காமல் நேராக அந்த வரிசைக்குப் போய்விடுங்கள்.

இ-விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பயணத்துக்கு முன்பு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பிரிட்டன் குடிவரவுக் கணக்கில் புது எண்ணைச் சேர்த்தீர்களா என்று சரிபாருங்கள். சேர்க்காவிட்டால் திரும்பும் விமானத்தில் ஏறும்போது உங்கள் அனுமதி அவர்கள் கணினியில் தெரியாமல் போகலாம். வீட்டில் ஒவ்வொருவர் கணக்கையும், பிள்ளைகளுடையதையும் சேர்த்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே திறந்து பார்த்துவிடுங்கள். புது எண் பதிவாகச் சில நாட்கள் ஆகலாம்.